கொம்பு இடப்பக்கம்தான்! பேரனிடம் கற்ற தாய்லாந்து உயிரெழுத்துகள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், தேநீர் இடைவேளைக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம். அன்று வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டிய எழுத்துகளைச் செய்திமடலுக்காக இங்கே வார்த்தைகளில் விவரித்திருக்கிறேன்.)



செயலாளர் என்னிடம், "சார், நீங்க பேங்க்ல இருந்தவர். ஆன்லைன் மோசடி பத்தி அரை மணி நேரம் பேசுங்க" என்றுதான் கேட்டார். அதைப் பற்றி வாரம் ஒரு முறை நம் வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதுகிறார்கள். எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான், அதைப் பேசட்டுமா என்றேன். என்ன என்று கேட்டார். "தாய்லாந்து மொழியின் உயிரெழுத்துகள்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்க சார், டீ கொடுத்த பிறகு வெச்சுக்கலாம்" என்றார். அதனால்தான் இப்போது உங்கள் முன் நிற்கிறேன்.

எதற்கு இந்த வயதில் இது என்று கேட்பீர்கள். காரணம் என் மகள் வயிற்றுப் பேரன். மாப்பிள்ளைக்குத் துணி வியாபாரம் தொடர்பான வேலை, பாங்காக்கில் இருக்கிறார்கள். பையனுக்கு ஏழு வயது. வீட்டில் நம் ஊர்த் தமிழ்தான் பேசுவான். என்னை "அப்புச்சி" என்றுதான் கூப்பிடுவான். ஆனால் படிப்பது அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில். பேரனுக்குத் தாய்மொழி தமிழ், பள்ளிக்கூட மொழி 'தாய்' மொழி என்று என் வீட்டம்மா சிரிப்பார்.

அவனுடைய ஆறாவது பிறந்த நாளுக்கு நான் ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். இரண்டு பக்கம், பெரிய எழுத்தில். ஒரு வாரம் கழித்து மகள் போனில் சொன்னாள்: "அப்பா, நான் படிச்சுக் காட்டினேன், நல்லாச் சிரிச்சான்." அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. 38 வருடம் வங்கியில் எழுத்தராக இருந்தவன் நான். படிக்கத் தெரியாதவர்களுக்குச் செலான் எழுதிக் கொடுத்து, கைநாட்டு வாங்கி, பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கடிதத்தைப் படிக்க என் பேரனுக்கே இன்னொருவர் வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன்.

சரி, வீடியோ காலில் நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தேன். அ, ஆ, இ, ஈ. மூன்று வாரம் ஓடியது. நாலாவது வாரம் அவன் போன் பக்கமே வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "எங்க எழுத்து உங்களுக்கு ஒண்ணுகூடத் தெரியாதே அப்புச்சி, நான் மட்டும் எதுக்கு உங்களுது படிக்கணும்?" என்றான்.

நியாயமான கேள்வி. அன்றைக்கே ஒப்பந்தம் போட்டோம். அவன் எனக்கு ஓர் எழுத்து, நான் அவனுக்கு ஓர் எழுத்து. கடன் பாக்கி வைக்கக் கூடாது. போன வருடம் நானும் வீட்டம்மாவும் ஆறு வாரம் பாங்காக் போய்த் தங்கியபோது இதைத் தினமும் நடத்தினோம்.

நம் கண்ணுக்குப் பழக்கமான வேலை

முதல் பாடத்தில் அவன் எழுதிக் காட்டியது 'க' ஒலிக்கான எழுத்து. வாசல் நிலை மாதிரி இருக்கும், இடது மேல் மூலையில் சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நாம் 'அ அம்மா, ஆ ஆடு' என்பது போல அவர்கள் இந்த எழுத்தைக் கோழி என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லிப் படிக்கிறார்கள். மெய்யெழுத்துகள் மொத்தம் 44, அதில் இரண்டு இப்போது புழக்கத்தில் இல்லை. உயிர் என்று பள்ளியில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு 32. கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆனால் அவன் உயிர்க் குறிகளைப் போட ஆரம்பித்ததும் பயம் போய்விட்டது. 'ஆ' வேண்டுமா, எழுத்துக்கு வலப்பக்கம் ஒரு கால். ஏறக்குறைய நம் துணைக்கால்தான். 'இ', 'ஈ' வேண்டுமா, எழுத்தின் தலைக்கு மேலே. 'உ', 'ஊ' என்றால் காலுக்குக் கீழே. 'ஏ' வேண்டுமா, எழுத்துக்கு முன்னால், இடப்பக்கம் ஒரு கொம்பு!

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே வேலை பார்க்கும் ஐரோப்பியர்களுக்கு இந்த இடப்பக்கக் கொம்புதான் முதல் தடை என்று மாப்பிள்ளை சொல்வார். முதலில் எழுதியிருப்பதைப் பிறகு உச்சரிக்க வேண்டும் என்றால் அவர்களுக்குத் தலை சுற்றும். நமக்கு? 'கே' என்று எழுதும்போது கொம்பைப் போட்டுவிட்டுத்தானே 'க' போடுகிறோம்? ஒன்றாம் வகுப்பில் கற்றுக்கொண்டது அறுபது வருடம் கழித்துப் பாங்காக்கில் கைகொடுத்தது.

இது தற்செயல் இல்லை. பல்லவர் காலத்தில் தென்னிந்தியாவில் இருந்து கடல் கடந்து போன எழுத்து முறை கம்போடியாவின் கெமர் எழுத்தாகி, அதிலிருந்து தாய்லாந்து எழுத்து வந்தது. போன எழுத்தோடு நம் ஆட்களும் போயிருக்கிறார்கள். தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற இடத்தில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றியும், மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவைப் பற்றியும் அதில் இருக்கிறது. மாப்பிள்ளை ஒன்றும் முதல் ஆள் இல்லை.

இடப்பக்கக் கொம்பில் ஒரு வசதியும் உண்டு. தாய்லாந்து எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட மாட்டார்கள். ஒரு வரி முழுக்க ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு போகும். எங்கே பிரிப்பது? இடப்பக்கம் நிற்கும் உயிர்க்குறிகள் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றைப் பார்த்தால் அங்கே ஒரு புது அசை தொடங்குகிறது என்று அர்த்தம். நான் கடைப் பலகைகளில் முதலில் தேடியது இந்த ஐந்தைத்தான்.

தெரிந்த முகம், வேறு ஆள்

பழக்கமான எழுத்து என்று அலட்சியமாக இருந்தால் மாட்டிக்கொள்வோம். நான் மாட்டிக்கொண்டேன்.

நம் 'ரொ' எப்படி எழுதுகிறோம்? இடப்பக்கம் கொம்பு, நடுவில் ர, வலப்பக்கம் கால். தாய்லாந்து எழுத்திலும் இடப்பக்கம் கொம்பு, நடுவில் ர, வலப்பக்கம் கால் போட்டு ஒரு சொல் உண்டு. நான் தைரியமாக "ரோ" என்று படித்தேன். பேரன் தரையில் உருண்டு சிரித்தான். அது "ரவ்". 'நாம்' என்று பொருள். நமக்கு ஒகரமாகும் அதே இரண்டு குறிகள் அவர்களுக்கு ஔகாரம் மாதிரி ஒலிக்கின்றன. ஓகாரத்துக்கு அவர்களிடம் தனியாக ஒரு குறி இருக்கிறது, அதுவும் இடப்பக்கமே நிற்கும்.

அடுத்த நாள் என் முறை. 'கொடு' என்று தமிழில் எழுதி அவனைப் படிக்கச் சொன்னேன். "கவ்டு" என்றான்! நான் செய்த அதே தவறு, எதிர்ப்பக்கத்தில் இருந்து. இப்போது நான் சிரித்தேன், அவன் முறைத்தான். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. முன்பு மூன்று வாரம் வீடியோ காலில் "இது கூடவா தெரியலே" என்று நான் அதட்டியபோதெல்லாம் அவன் முட்டாள்தனமாகப் படிக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த எழுத்தின் விதியை வைத்து ஒழுங்காகத்தான் படித்திருக்கிறான். அவன் விதி எனக்குத் தெரியாததால் அது தப்பாகத் தெரிந்திருக்கிறது.

குறில், நெடில்

தாய்லாந்து மொழியில் தனி உயிர் ஒலிகள் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் குறில், நெடில் உண்டு. ஆக 18. மீதியெல்லாம் கூட்டு. நமக்குத் தனி உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. ஒவ்வொன்றுக்கும் குறில், நெடில். ஆக 10. ஐ, ஔ கூட்டு. கணக்கு வைக்கும் முறை ஒன்றுதான், தொகைதான் வேறு.

குறில் நெடில் மாறினால் அங்கேயும் பொருள் மாறும். "கவ்" என்று குறிலாகச் சொன்னால் 'உள்ளே போ'. "காவ்" என்று நீட்டிச் சொன்னால் 'சோறு'. தொனிகூட இரண்டுக்கும் ஒன்றே, நீளம் மட்டும்தான் வித்தியாசம். கல், கால், பல், பால் என்று வளர்ந்த காதுக்கு இது சுலபம்.

எழுதுவதில் ஒரு தலைகீழ் உண்டு. நாம் 'கெ' என்ற குறில் கொம்பைச் சுழித்து 'கே' என்று நெடிலாக்குகிறோம். அவர்கள் சும்மா கொம்பு போட்டால் நெடில். குறிலாக வேண்டும் என்றால் ஏதாவது கூடுதலாகப் போட வேண்டும். 'குழந்தை' என்பதற்கு அவர்கள் சொல் "டெக்". அதில் எகரம் குறில் என்று காட்ட எழுத்தின் தலையில் ஒரு சின்னக் குறி போடுகிறார்கள்.

விசித்திரம் என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் நம் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. தொல்காப்பியக் கணக்குப்படி எகரமும் ஒகரமும் குறில் என்றால் தலையில் புள்ளி வைக்க வேண்டும், வைக்காவிட்டால் நெடில். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்தான் நெடிலுக்குச் சுழி போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார் என்று படித்திருக்கிறோம். அதற்கு முன் எழுதிய ஒருவர் வந்து பார்த்தால், தாய்லாந்து முறை சரி, நம்முடையதுதான் தலைகீழ் என்பார்.

நாலு புது ஒலி, மூன்று ஏற்கனவே இருப்பில்

ஒன்பதில் ஐந்து நமக்குத் தெரிந்தவை. மீதி நாலு புதுசு. கணக்குப் பார்த்தால் அந்த நாலில் மூன்று நம் வாயில் ஏற்கனவே இருப்பில் இருக்கின்றன. எழுத்து மட்டும்தான் இல்லை.

முதலாவது, இரட்டைக் கொம்பு. நமக்கு இரட்டைச் சுழி ஐகாரம். அவர்களுக்கு இரண்டு கொம்பு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வேறு ஒலி. கேஷ், பேங்க், மேனேஜர் என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தில் வருகிறதே, ஏகாரமும் இல்லாமல் ஆகாரமும் இல்லாமல் ஓர் ஒலி, அதுதான். 38 வருடம் தினமும் சொன்ன ஒலி! அங்கேயும் பேச்சு வழக்கில் ரூபாய் நோட்டுக்கும் வங்கிக்கும் "பேங்" என்று இந்த எழுத்தைப் போட்டுத்தான் சொல்கிறார்கள். 'அம்மா' என்பதற்கு அவர்கள் சொல் "மே". அதிலும் இதே ஒலிதான்.

இரண்டாவது, கிரிக்கெட் பந்தை "பால்" என்கிறோம், ஆவின் பாலையும் "பால்" என்கிறோம். எழுதினால் ஒன்றுதான், சொன்னால் வேறு. பந்தில் வரும் அந்த வாய் திறந்த ஓகாரத்துக்கு நம்மிடம் எழுத்து இல்லை, அவர்களிடம் உண்டு. 'அப்பா' என்பதற்கு அவர்கள் சொல் "போ", இந்த ஒலியோடுதான் சொல்ல வேண்டும். நாம் சும்மா 'போ' என்றால் யாரையோ விரட்டுவது போல இருக்கும். ஆக அம்மா, அப்பா என்ற இரண்டு சொல்லுமே நம் எழுத்தில் எழுத முடியாத ஒலிகளில் இருக்கின்றன.

மூன்றாவதுதான் எனக்கு நீண்ட நாள் பிடிபடவில்லை. 'பெயர்' என்ற சொல். நான் "சூ" என்பேன். "இல்லே அப்புச்சி" என்பான். திரும்பவும் "சூ". "உதட்டைக் குவிக்காதீங்க!" என்று என் இரண்டு கன்னத்தையும் விரலால் பிடித்து இழுத்துவிட்டான். வீட்டம்மா போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், காட்ட மாட்டேன்.

நாலு நாள் கழித்து அவனுக்குத் தமிழ்ப் பாடம் எடுக்கும்போது விளங்கியது. 'பசு', 'காசு' என்று எழுதிக் கொடுத்துப் படித்துக் காட்டினேன். "அப்புச்சி, ரெண்டு 'சு'வும் வேற வேற" என்றான். எழுத்து ஒன்றுதானேடா என்றேன். "இல்லே, 'காசு'ல வர்றது எங்க எழுத்து!"

நீங்களும் இப்போதே சொல்லிப் பாருங்கள். 'பசு' என்னும்போது கடைசியில் உதடு குவிகிறது. 'காசு' என்னும்போது குவியவில்லை. எட்டாம் வகுப்பில் தமிழய்யா முற்றியலுகரம், குற்றியலுகரம் என்று சொல்லிக் கொடுத்தார். கு, சு, டு, து, பு, று நெடிலுக்குப் பின்னாலோ பல எழுத்துக்குப் பின்னாலோ சொல்லின் கடைசியில் வந்தால் உகரம் குறுகும் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். உதடு என்ன செய்கிறது என்று நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. தமிழ் எழுத்தே படிக்கத் தெரியாத ஏழு வயதுப் பையன் அதைக் காதால் கண்டுபிடித்துவிட்டான். காரணம், அவன் பள்ளிக்கூட மொழியில் அதற்குத் தனி எழுத்து இருக்கிறது.

ஆகவே யாராவது அந்தத் தாய்லாந்து உயிரைச் சொல்லத் திணறினால் நாம் வழி சொல்லலாம். நம் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். ஈரோடு. கடைசி 'டு'வை உதடு குவிக்காமல் அப்படியே நீட்டுங்கள். வந்துவிடும்.

நாலாவது ஒலி மட்டும்தான் உண்மையிலேயே புதுசு. உதட்டைக் குவிக்காமல் 'ஓ' சொல்ல வேண்டும். 'நட' என்பதற்கான சொல்லில் வரும். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. பாக்கியில் இருக்கிறது.

எழுதாத உயிர்

குறியே போடாமல் விட்டால் என்ன உயிர்? நமக்கு 'அ'. க என்றாலே அதில் அகரம் இருக்கிறது, வேண்டாம் என்றால் புள்ளி வைக்கிறோம். அவர்களுக்கு இரண்டு மெய் பக்கத்தில் நின்று நடுவில் குறி இல்லாவிட்டால், பெரும்பாலும் குறில் 'ஒ'. க, ந இரண்டும் சேர்ந்தால் "கொன்", அதாவது மனிதர். ர, த சேர்ந்தால் "ரொத்", அதாவது வண்டி. நம் ரதம்தான் அது.

சில சொற்களில் 'அ'வும் வரும், 'ஒ'வும் வரும். 'சாலை' என்ற சொல்லில் மூன்று மெய் மட்டும் இருக்கும்: த, ந, ந. படிப்பது "தனொன்". முதல் இடத்தில் அ, இரண்டாம் இடத்தில் ஒ, மூன்றாவது புள்ளி வைத்த மாதிரி. ஒரு குறியும் கிடையாது. பாங்காக்கின் சாலைப் பெயர்ப் பலகைகளில் இந்தச் சொல் இருக்கும். சீலோம் சாலையில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்தப் பலகையில் "தனொன் சீலொம்" என்பதை நானே எழுத்துக் கூட்டிப் படித்தபோது, முதல் முதலில் ஈரோடு பஸ் ஸ்டாண்டில் பஸ் போர்டு படித்த சந்தோஷம் வந்தது. அந்தக் கோயிலை ஊர்க்காரர்கள் "வத் கேக்" என்கிறார்கள். 'கேக்' என்பதில் 'கேஷ்'-இல் வரும் ஒலி. விருந்தாளி என்று பொருள், இந்தியரையும் அப்படித்தான் சொல்வது வழக்கம்.

என் பேரனுக்கு நம் புள்ளி புரியவே நாளாயிற்று. 'மரம்' என்று எழுதினால் "மொரொம்" என்பான். பிறகு அவனே "ஓ, மரமா!" என்பான். பேச்சுத் தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இதுதான் லாபம். எழுத்து தடுக்கினாலும் காது தூக்கிவிடும். வீட்டில் தமிழ் பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

எழுத்து மாறும், நாமும் மாறியிருக்கிறோம்

தாய்லாந்தில் ராம் காம்ஹெங் என்ற அரசர் பெயரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1292 என்று அதற்கு வருடம் சொல்கிறார்கள். சில ஆய்வாளர்கள் அந்தக் காலத்தைச் சந்தேகிப்பதும் உண்டு. அதில் ஒரு புதுமை: இ, உ போன்ற உயிர்களையும் மேலே கீழே வைக்காமல், மெய்யோடு ஒரே வரிசையில் எழுதியிருக்கிறார்கள். படிக்கவும் வெட்டவும் சுலபம்தான். ஆனால் பிற்பாடு எழுதியவர்கள் அதை விட்டுவிட்டு, பழையபடி மேலே கீழே என்று போய்விட்டார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. 1935-இல் ஈரோட்டுப் பெரியார் தம் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய நூற்றாண்டையொட்டி 1978 அக்டோபரில் தமிழக அரசு அதில் ஒரு பகுதியை ஏற்று ஆணை போட்டது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துகள். எல்லாமே உயிர்க்குறி மாற்றம்தான். ஐகாரத்தை 'அய்' என்றே எழுதலாம் என்ற அவர் கருத்தை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. எழுதுகிற ஜனங்கள் எதை வைத்துக்கொள்கிறார்களோ அதுதான் நிற்கும், அங்கேயும் இங்கேயும்.

அப்போது நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். 19 வயதில் 'லை'யை மறுபடி எழுதக் கற்றுக்கொண்டேன். பழைய 'லை' யானைத் தும்பிக்கை தூக்கிய மாதிரி இருக்கும், இங்கே பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வங்கியில் சேர்ந்த பிறகு அண்ணாமலை என்று பெயருள்ள வாடிக்கையாளர் எத்தனை பேர்! அந்த ஒரு பெயரில் பழைய 'ணா'வும் வரும், பழைய 'லை'யும் வரும். வயதானவர்கள் மாதிரிக் கையெழுத்து அட்டையில் பழைய எழுத்தில் போட்டிருப்பார்கள். புதிதாக வந்த இளைஞர்கள் அட்டையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள், "சார், இது என்ன எழுத்து?" என்று.

என் அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் வெளியூர்க் கிளையில் இருந்தபோது அவர் எழுதிய இன்லேண்ட் லெட்டர்கள் ஒரு கட்டு என்னிடம் இருக்கின்றன. எல்லாம் தும்பிக்கை 'லை'தான். அதை என் மகளே தட்டுத் தடுமாறித்தான் படிப்பாள். என் பேரன் படிக்க வேண்டும் என்றால் முதலில் புது 'லை' தெரிய வேண்டும், பிறகு பழைய 'லை'. அதனால்தான் எனக்கு அவசரம்.

படிக்க விரும்புவோருக்கு

எந்த எழுத்தைப் புதிதாகக் கற்பதானாலும் என் அனுபவத்தில் நாலு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். குறில் நெடில் அதில் தொலைந்துவிடும். நான் தமிழில் எழுதி வைத்தேன். நீளம் தப்பியது, ஆனால் க-வுக்கு ஒரே எழுத்து என்பதால் மூச்சு விட்டுச் சொல்லும் க-வும் விடாத க-வும் குழம்பின. கடைசியில் அந்த எழுத்தையே எழுதிப் பழகுவதுதான் வழி.

இரண்டு, உயிர்க்குறிகளை இடம் வாரியாகப் படியுங்கள்: இடம், வலம், மேல், கீழ், சுற்றி வருவது. அகர வரிசையில் படித்தால் எனக்கு நிற்கவில்லை.

மூன்று, உதட்டைப் பாருங்கள். சொல்லிக் கொடுப்பவர் உதடும் உங்கள் உதடும் ஒன்றாக இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

நாலு, தெரிந்த சொல்லில் தொடங்குங்கள். அங்கே தாய்வழித் தாத்தாவுக்கு "தா", தந்தைவழித் தாத்தாவுக்கு "பூ". தனித்தனிச் சொல், நம் அப்புச்சி, அப்பாரு மாதிரியே. 'தா' என்றால் கண் என்றும் பொருள். த போட்டு ஒரு கால் போட்டால் 'தா'. நான் முதலில் பிழையில்லாமல் எழுதிய சொல் அதுதான்.

தொனியைப் பற்றி நான் பேசவே இல்லை என்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். ஐந்து தொனி உண்டு. "மா" என்பதை ஒரு தொனியில் சொன்னால் 'வா', இன்னொன்றில் குதிரை, இன்னொன்றில் நாய். பேரனை "வாடா" என்று கூப்பிட்டு, "என்ன அப்புச்சி, நாயிங்கறீங்க?" என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். அது தனிப் பாடம்.

கடைசியாக

போன மாதம் பேரனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வாட்ஸ்அப் இல்லை, தபாலில். நாலு வரி. கொம்புகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன, அதில் அவனுக்குச் சந்தேகமே வராது. புள்ளிகளைத்தான் பாதி மறந்துவிட்டான். 'அபபுசசி' என்று ஆரம்பித்திருந்தான், ஓலைச்சுவடி மாதிரி. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். யாரையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. பதில் எழுதினேன், கீழே "தா" என்று அவன் எழுத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நம் குடியிருப்பிலேயே வீட்டில் தமிழ் பேசி, எழுத்து தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். லிஃப்ட் நோட்டீஸை "ஆன்ட்டி, இது என்ன?" என்று கேட்கிறார்கள். ஒடிசாவில் இருந்து வந்திருக்கும் நம் இரவுக் காவலர் தம்பியும் வருகைப் பதிவேட்டில் தமிழில் எழுதிய பெயர்களைப் படிக்க ஆசைப்படுகிறார். ஒடியா எழுத்திலும் ஏகாரக் கொம்பு இடப்பக்கம்தான், அவருக்குச் சுலபமாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 11 வரை இந்த ஹாலைத் தரச் சங்கம் சம்மதித்திருக்கிறது. கட்டணம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: வருகிற ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த இன்னொரு எழுத்தில் ஓர் எழுத்தை எனக்குச் சொல்லித் தர வேண்டும். ஒடியா, இந்தி, தெலுங்கு, எதுவானாலும் சரி. தப்பாகப் படித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். அவர்கள் தப்பாகப் படித்தால் நான் அதட்ட மாட்டேன். அந்தப் பாடம் மட்டும் எனக்கு நன்றாக ஏறிவிட்டது.